ரொம்பத்தான் அக்கறை

1

ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தவர்களை எல்லாம் ஒரு வாரத்துக்கும் மேலாக நான் கேலி செய்துகொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல். இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

நான் குரல் கொடுத்துப் பிழைப்பவன். பிழைக்க முயல்பவன் என்று திருத்தி வாசியுங்கள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாக இறங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஸ்டுடியோ கிடையாது. படுக்கையறைத் துணி பீரோதான் ஸ்டுடியோ. தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பதால் மைக்கையும் தலையையும் அதற்குள் நுழைத்து, முதுகில் ஒரு கம்பளியைப் போட்டு மூடிக்கொண்டு பேசுவேன். பின்னாலிருந்து பார்த்தால் பீரோ ஒரு ஆளைப் பாதி விழுங்கிவிட்டு, மீதியை என்ன செய்வது என்று யோசிப்பதுபோல் இருக்கிறதாம். இது என் மனைவியின் வர்ணனை.

மருத்துவமனை லைன் கிடைக்காமல் காத்திருப்பவர்களின் காதில் விழ ஒரு பதிவு வேண்டும் என்றார்கள். வாசகத்தையும் அவர்களே கொடுத்தார்கள். பேசினேன்: “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. உங்கள் செல்லப்பிராணியின் நலனே எங்கள் நலன்.” பேசி முடித்து, மைக்கை நிறுத்தாமல், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: “ரொம்பத்தான் அக்கறை. அப்பா, என்னமா வேர்க்குது. இன்னொரு தடவை சொல்லித் தொலைப்போம்.”

வெட்டிச் சுத்தம் செய்த பதிவு ஒன்று இருந்தது. வெட்டாதது ஒன்று இருந்தது. எதை அனுப்பினேன் என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மருத்துவமனைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. தன் ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டுக் காத்திருப்பவர் யார்?

2

தனித்தொழில் செய்பவர்களின் சங்கம் ஒன்று மாத இதழ் நடத்துகிறது. அதன் ஆசிரியர் என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. ‘முதல் மாதங்களில் நான் கற்ற பாடங்கள்.’ வரிசையாகப் பத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. வெற்றி பெற்றவர்களிடம் கேட்டுச் சலித்துவிட்டதாம், அதனால்தான் என்னிடம் வந்தாராம். இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

[தனித்தொழில் என்பது ஒரு கடல். அதில் நாம் ஒவ்வொருவரும்]

கடலுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை, அடித்துவிட்டேன். அடுத்தது:

[பாடம் ஒன்று: எதைக் கேட்டாலும் ‘முடியும்’ என்று சொல்லாதீர்கள். ஏனென்றால்]

ஏனென்றால் ஒரு பற்பசை விளம்பரத்துக்குச் சின்னப் பெண்குழந்தைக் குரல் வேண்டும் என்றார்கள், நானும் முடியும் என்றேன். பீரோவுக்குள் தலையை விட்டு நான் கீச்சிட்டதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து கதவைத் தட்டினார். வீட்டில் குழந்தையே இல்லை என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இதற்குப் பாடம் என்று தலைப்பு வைத்தால் என் மானம் இரண்டு முறை போகும்.

ஆகவே கதையாக எழுதுகிறேன். கதையில் எல்லாவற்றையும் கதாபாத்திரத்தின் தலையில் கட்டிவிடலாம்.*

* முடியவில்லை. மேலே பாருங்கள், எல்லா இடத்திலும் ‘நான்’ என்றே விழுந்திருக்கிறது.

3

கதை என்றால் கதாநாயகனுக்கு ஒரு சிக்கல் வேண்டும். இருக்கிறது. என் பழைய மேனேஜர் நல்ல மனிதர். நான் விட்டுவந்த நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளிப் பாக்கறேன்ப்பா. அதுக்கு மேல மேலிடம் விடாது. வர்றியா இல்லையான்னு சொல்லிடு” என்றார். போனால் மானம் போகும், மாதம் ஓடும். போகாவிட்டால் மானம் இருக்கும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த வேலை எனக்கு வருமா? அதைச் சொல்ல ஒரு ஆளைத் தேடினேன். முதல் மாதங்களில் நான் உண்மையிலேயே கற்ற பாடம் அங்கே இருக்கிறது. யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. மாதிரிப் பதிவு அனுப்பினால் “ரொம்ப நல்லாருக்கு சார், சொல்றோம்” என்பார்கள். ‘சொல்றோம்’ என்றால் சொல்ல மாட்டோம் என்று எனக்குப் புரியவே வெகுகாலம் ஆயிற்று. அதுவரை போனைக் குளியலறைக்குள்ளும் எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

மச்சானைக் கேட்டேன். (மனைவியின் தம்பி. இந்தக் கதைக்கு இவர் தேவையா என்று எனக்கே சந்தேகம். வீட்டுக்கும்தான் தேவையில்லை, வருகிறாரே.)

“மாமா, உங்க குரலுக்கு ஒரு இது இருக்கு.”

“எது?”

“அதான் மாமா. ஒரு இது. அது எல்லாருக்கும் வராது.”

“அது நல்ல இதுவா, கெட்ட இதுவா?”

“அக்கா, டீ போட்டாச்சா?” என்று உள்ளே போய்விட்டார்.

மனைவியிடம் தினமும் கேட்டேன். அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் தெரு அமைதியாக இருக்கும், நானும் அப்போதுதான் பேசுவேன். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நிற்பாள்.

“இது எப்படி இருக்கு?” என்பேன் பீரோவுக்குள்ளிருந்து.

“நல்லாருக்குங்க. என்னோட நீலச் சட்டையை மட்டும் எடுத்துக் குடுங்க.”

எல்லாமே நல்லாருந்தன. குழந்தைக் குரல்கூட நல்லாருந்தது.

4

விஷயம் தெரிந்ததும் மருத்துவமனையின் முன்மேசைப் பெண் போன் செய்தாள். “சார், நீங்க கொஞ்சம் வர முடியுமா? உங்களுக்கு ரொம்ப வேர்க்குதுன்னு ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போறார்.”

போனேன். இந்த இடத்தில் ஒரு எழுத்தாளன் மருத்துவமனையை வர்ணிக்க வேண்டும். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், மருந்து வாசனையும் ஈர ரோமத்தின் வாசனையும், புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டிய ஒரு நாய் நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு பெரியவர் மடியில் மூடி போட்ட கூடையை வைத்திருந்தார். கூடைக்குள் ஒரு பழுப்புப் பூனை.

முன்மேசைப் பெண்ணிடம் நான் வாயைத் திறந்து, “டாக்டரைப் பாக்கணும்” என்றதுதான் தாமதம், பெரியவர் நிமிர்ந்தார்.

“நீங்கதானா அது? ரொம்பத்தான் அக்கறை?”

தொழில் தொடங்கியதிலிருந்து என் குரலை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டது அதுவே முதல் முறை. இந்த நாளுக்காக எவ்வளவோ ஏங்கியிருக்கிறேன்.

“சார், அது தவறுதலா…”

“அன்னைக்கு இது தண்ணியைக்கூட மோந்து பாக்காம கட்டிலுக்கடியில கெடந்துச்சு” என்று கூடையைக் காட்டினார். “வீட்ல நானும் இதும்தான். போன் போட்டா, உள்ளேருந்து ஒருத்தன் ரொம்பத்தான் அக்கறைங்கறான். என்னையத்தான் சொல்றான்னு நெனச்சேன். ஒரு பூனைக்குப் போயி இந்தப் பாடு படறானேன்னு. வெக்கமாப் போச்சு. கட் பண்ணிட்டேன்.”

[அவர் கண்கள் கலங்கின.]

கலங்கவில்லை. எழுதும்போது எனக்குக் கலங்கியது, அதை அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன். அவர் பூனையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு அமைதியாகத்தான் சொன்னார்.

“அப்புறம்?”

“மறுநாள் ஆட்டோ பிடிச்சு நேரா வந்துட்டேன். ஊசி போட்டாங்க. இப்பத் தேவல.”

“மன்னிச்சிடுங்க சார். மன்னிச்சிட்டீங்களா?”

“நம்மளக் கூப்பிடறாங்க” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். பூனை மட்டும் கூடை ஓட்டை வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தது. அதன் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று எழுதலாம். ஆனால் பூனையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார், “கீழ்த்தளத்துல ஸ்கேன் சென்டருக்கும் நீங்கதான் பேசியிருக்கீங்களாமே?”

“ஆமா மேடம்.”

“அதை முழுசாக் கேட்டீங்களா?”

அங்கிருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. (ஆசிரியர் அவர்களே, பாடம் என்று ஒன்று வேண்டுமானால் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்: அனுப்புமுன் கடைசி நொடி வரை கேளுங்கள். தலைப்பு நீங்களே வையுங்கள்.)

“வேற ஒண்ணு பேசித் தர்றேன் மேடம். வாசகமும் நானே எழுதறேன்” என்று கிளம்புமுன்பே டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

“செய்ங்க, பாக்கலாம்” என்றார். ‘பாக்கலாம்’ என்பது ‘சொல்றோம்’க்குச் சின்னம்மா மகள்.

5

புதிய பதிவை எழுதுவது இந்தக் கதையை எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அழைப்பு முக்கியம், நலனே நலன், எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. நல்ல குரலில் சொல்லச் சொல்ல, ‘ரொம்பத்தான் அக்கறை’ என்று உள்ளே ஒருவன் பதில் சொன்னான். யோசித்துப் பார்த்தால், அந்தப் பதிவில் நான் மனசாரச் சொன்னது அந்த ஒரு வரியைத்தான்.

பிறகு மைக்குக்குப் பின்னால் தொங்கிய பழுப்புக் கோட்டைப் பார்த்துப் பேசினேன். பெரியவர் அங்கே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டேன். கோட்டு அசையாமல் கேட்டது.

“டாக்டர் இப்ப இன்னொரு உயிரைப் பாத்துக்கிட்டிருக்காங்க. அடுத்து உங்களோடதான் பேசுவாங்க. நீங்க பயப்படறது தப்பே இல்ல. அதுவரைக்கும் அதைக் கொஞ்சம் தடவிக் குடுத்துக்கிட்டே இருங்க. லைன்லயே இருங்க.”

இவ்வளவுதான். வேர்த்ததா என்று நினைவில்லை. கடைசி நொடி வரை கேட்டேன். பிறகு இன்னொரு தடவை கேட்டேன். அனுப்பினேன். மனைவி கேட்டும் காட்டவில்லை. நல்லாருக்குங்க என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

6

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: கதாநாயகன் வெள்ளிக்கிழமை பழைய நாற்காலிக்குத் திரும்புகிறான். நாற்காலி கிரீச்சிடுகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவன் சிரிக்கிறான். இதை எழுதப் பிடிக்காததால் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: பதிவைக் கேட்ட நகரமே மயங்குகிறது. வேலைகள் குவிகின்றன. அவன் பீரோவை விட்டு வெளியே வந்து நிஜமான ஸ்டுடியோ கட்டுகிறான். மச்சான் அதில் வேலைக்குச் சேர்கிறார். இது பேய்க்கதையாகிவிட்டது.

மூன்றாவது:

[முன்மேசைப் பெண் போன் செய்தாள். “சார், இன்னைக்கு ஒரு அம்மா லைன்ல இருந்தாங்க. நான் எடுத்துட்டேன். ‘முழுசாக் கேக்கலம்மா, மறுபடி லைன்லயே போடு’ன்னாங்க. போட்டேன். அப்புறம் அவங்களே வெச்சிட்டாங்க” என்றாள்.]

இதை அடித்துவிட்டேன். அவள் உண்மையிலேயே போன் செய்து இப்படித்தான் சொன்னாள். ஆனால் வாசகர் நம்ப வேண்டுமே. காத்திருப்பு லைனில் மறுபடி போடச் சொல்லும் மனிதர் உலகத்தில் உண்டா? பாவம், என் மனசு நோகக்கூடாது என்று அந்தப் பெண் கட்டிய கதை. எனக்கே அனுபவம் இருப்பதால் கட்டுக்கதையைக் கேட்டால் தெரியும்.

ஆகவே முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நாளை வெள்ளிக்கிழமை. மேனேஜரிடம் அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே

7

மன்னிக்கவும், மேலே வாக்கியம் பாதியில் நிற்கிறது. மனைவி வேலையிலிருந்து வந்துவிட்டாள். சமையலறை மேசையில் இருந்த தாள்களைக் கைப்பையைக்கூடக் கழற்றாமல் எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். பீரோ விழுங்கும் இடத்தில் சிரித்தாள். நீலச் சட்டை வந்த இடத்தில் சிரிக்கவில்லை. கடைசித் தாளில் நின்றாள்.

“இதை ஏன் அடிச்சிருக்கீங்க?”

“எதை?”

“மறுபடி லைன்ல போடச் சொன்ன அம்மாவை.”

“யாரு நம்புவா? அந்தப் பொண்ணு சும்மா ஆறுதலுக்குச் சொன்னது.”

அவள் தாளை மேசையில் வைத்து, சுருக்கம் இல்லாத இடத்தில் சுருக்கத்தைத் தடவினாள்.

“அது நான்தாங்க.”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் போய் அதை இறுக்கிவிட்டு வந்தேன்.

“நீங்க காட்ட மாட்டேன்னீங்க. ஆபீஸ் மாடிப்படியிலேருந்து போன் பண்ணேன். பாதியிலயே அவ எடுத்துட்டா. என்ன பிராணின்னு கேக்கறா. வீட்ல ஒருத்தர் பீரோவுக்குள்ள இருக்கார்னா சொல்ல முடியும்? அதான் மறுபடி போடுன்னேன். தடவிக் குடுங்கன்னு சொன்னீங்களா, கையில ஒண்ணுமில்ல. டிபன் பையைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“முன்னாடி பேசுனதையெல்லாம் நல்லாருக்குன்னியே?”

“நல்லால்ல.”

“ஒண்ணுகூடவா?”

“எனக்குச் சட்டை வேணும்ல.”

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பேனாவை மூடவில்லை, அதனால்தான் உங்களால் இதை வாசிக்க முடிகிறது.

“நாளைக்கு மேனேஜருக்குப் பதில் சொல்லணும். உங்க இஷ்டம்னு சொல்லாத. டீ போடப் போகாத. எனக்கு இது வருமா, வராதா?”

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“எல்லாம் வராது. அந்தக் குழந்தைக் குரல் இந்த ஜென்மத்துல வராது. எதை வித்தாலும் மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கு, அதனால விளம்பரமும் வேணாம். பயந்துபோய்க் காத்துக்கிட்டிருக்கறவங்ககிட்டப் பேசறது இருக்கில்ல, அது வருது. நல்லாவே வருது. மேனேஜர்கிட்ட வரலேன்னு சொல்லிடுங்க.”