சொல்லி வாங்கிய எண்ணெய்

என் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனது அந்த ஆவணியில்தான். தறி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தால் எவனுக்குத்தான் எரிச்சல் வராது? சோமனூர் டாக்டர் அமுக்கிப் பார்த்தார். அமுக்கின இடம் குழியாகவே நின்றது.

"டெல்லியில கலப்பட எண்ணெயில இப்பிடித்தான் கால் வீங்கிச் செத்திருக்காங்க, பேப்பர்ல பாக்கலீங்களா? சமையல் எண்ணெயைச் சோதனைக்குக் குடுங்க" என்றார்.

நாங்கள் வாங்குவது பாலுசாமி மளிகைக்கடையில், டின்னிலிருந்து அளந்து ஊற்றும் கடலை எண்ணெய். வீட்டில் ஒரு சொட்டு மிச்சமில்லை. ஃபுட் இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தோம். பாவம், இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான்.

"என் ஸ்கூட்டரைக் கண்டாலே டின்னெல்லாம் மாயமாயிருதுங்க. நீங்களே வாங்கிட்டு வாங்க. ஆனா சோதனைக்குத்தான்னு கடைக்காரர்கிட்டச் சொல்லி வாங்கோணும். சொல்லாம வாங்குனா கேஸு நிக்காது."

என் சம்சாரம் மாசாணியம்மாள் போனாள். வீட்டில் அவள் வாய்க்கு முன்னால் நான் நிற்க முடியாது. அந்த வாய் கடையில் செத்துப்போய்விட்டது. "வாங்க அம்மணி, அண்ணனுக்குக் கால் தேவலைங்களா?" என்று கேட்டு, அளவுக்கு மேலேயே கொஞ்சம் ஊற்றுகிறவரிடம் எப்படிச் சொல்வதாம்? பேசாமல் வாங்கி வந்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

எனக்கும் வாய்ப்பூட்டு போட்டாள். "முடிவு வர வரைக்கும் மூச்சு உடாதீங்க. நல்ல எண்ணெய்னு வந்துபோட்டா அந்த மனுசன் மூஞ்சியில எப்பிடி முழிக்கறது?" மகளுக்கு வளைகாப்பு என்று அழைக்க வந்த என் தங்கை மாரியாத்தாள், "என்னண்ணா, யானைக்காலா?" என்று கேலி செய்தாள். பூச்சிக்கடி என்று சமாளித்தேன்.

வளைகாப்புக்கு முதல் நாள் முடிவு வந்தது. பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருக்கிறதாம். விஷம்.

"சொல்லித்தான வாங்குனீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். மாசாணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப இதை வெச்சு அந்தாளை ஒண்ணும் பண்ண முடியாதுங்க. மறுக்கா வாங்கியாங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஆட்டோவில் நேரே கடைக்குப் போனேன். கடை நிறையக் கூட்டம். இருக்கட்டும், எல்லோரும் கேட்கட்டும்.

"ஏனுங்க பாலுசாமி, கடலெண்ணெய் ஊத்துங்க. சோதனைக்குக் குடுக்கத்தான் வாங்கறேனுங்க."

பாலுசாமியின் முகம் மாறவில்லை. புது டின் ஒன்றை எடுத்து உடைத்தார்.

"தாராளமா குடுங்கண்ணா. புதுச் சரக்குங்க."

"பழைய டின்னு எங்கீங்க?"

"தீந்துபோச்சுங்கண்ணா. இருந்ததையெல்லாம் காத்தால உங்க தங்கச்சி வாங்கிட்டுப் போயிருச்சுங்க. வளைகாப்புக்குப் பலகாரம் சுடோணும்னு."

கொண்டுபோன பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். மாசாணியம்மாள் அதற்குள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.