வலது காதோரம்

"கொஞ்சம் நகரும்மா" என்று சவரக்கத்தியை விரித்தார் ரேடியோ மாமா. கட்டிலில் கிடந்த அப்பாவின் தலைமாட்டை விட்டு அவள் நகரவில்லை.

"நானே பண்ணிடறேன் மாமா. எப்பவும் நான்தானே அவருக்கு முடி வெட்டிவிடுவேன்."

"முடி வெட்டறது வேற, கடைசிச் சவரம் வேற. முப்பது வருஷம் பக்கத்து நாற்காலியில நின்னவன் நான். இதைக்கூடச் செய்யலேன்னா என்ன மனுஷன்?"

அதற்கு மேல் மறுத்தால் சந்தேகம் வரும். அவள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவும் அவரும் சேர்ந்து நடத்திய முடிதிருத்தும் கடையில் அவருக்கு ரேடியோ என்றுதான் பெயர். காலையில் திறந்த வாய் கடை அடைக்கும்போதுதான் மூடும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரனைக் காதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். காது தொடங்கும் இடத்தில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை, அக்கரைக்காரர்களுக்குப் பிறவியிலேயே வருவது. "பேச்சை மாத்தலாம், பேரை மாத்தலாம், ஓட்டையை எங்க கொண்டுபோய் ஒளிப்பான்?" என்பார். கடையே சிரிக்கும். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பா.

அப்பா தன் துளையை வலது கிருதாவுக்குள் ஒளித்திருந்தார். முதலில் அம்மா, அம்மா போன பிறகு இவள், கதவைச் சாத்திக்கொண்டுதான் அவருக்கு முடி வெட்டினார்கள். "நிஜமாவே நம்ம ஆளுங்களுக்குத்தான் இருக்குமாப்பா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"எத்தனை காதைப் பாத்திருக்கேன். இங்கயும் நூறு பேர்ல ரெண்டு பேருக்கு இருக்கு. அங்க ஏழெட்டுப் பேருக்கு இருக்கலாம். கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எனக்கு இருக்கு, உனக்கு இல்ல பாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா வண்டியில ஏத்த வர்றவன் நூறு வரைக்கும் எண்ணிக்கிட்டு நிக்க மாட்டான்."

வண்டி என்றால் என்னவென்று அந்தத் தெருவுக்கே தெரியும். போன வருஷம் புதுச் சட்டம் வந்தது. வீட்டில் யார் செத்தாலும் பதிவு அலுவலகத்து ஆள் வந்து உடலைப் பார்த்து அடையாளக் குறி எழுத வேண்டும். தையல்காரர் செத்தபோது எழுதிய குறியை வைத்து அவருடைய பழைய காகிதங்களைக் கிளறினார்கள். நாலாம் நாள் அவர் மனைவியையும் இரண்டு பெண்களையும் வண்டியில் ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். அந்தப் பெண்கள் அக்கரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இவளும் பார்த்ததில்லை. இவளுடைய காகிதங்களும் அப்பாவின் பொய்க் காகிதங்களிலிருந்து பிறந்தவைதான்.

அதே அலுவலகத்து ஆள் இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தான். சவரம் முடியட்டும், பார்க்கிறேன் என்றிருந்தான்.

மாமா வலது கன்னத்தில் நுரை தடவினார். "உங்கப்பனுக்கு எல்லாத்துலயும் புத்தி உண்டு, இந்தக் கிருதாவைத் தவிர. குறைடான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டானா? இன்னிக்கு எதிர்த்துப் பேச முடியாது, மாட்டிக்கிட்டான்."

"கிருதாவை விட்டுடுங்க மாமா. அவருக்குப் பிடிக்கும்."

"ஓரத்தை மட்டும் ஒதுக்கறேன்."

கட்டை விரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்தார். கத்தி இரண்டு முறை இறங்கியது. பிறகு நின்றது. பேச்சும் நின்றது.

காலில் விழலாமா, விழுந்தால் சத்தம் கேட்குமே என்று ஓடியது அவள் மனம். ஊருக்கே ஒலிபரப்பும் வாய் அது. மாமா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஏமாந்துவிட்ட ஆளின் முகம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு வார்த்தை போதும் அவருக்கு. கூப்பிடு தூரத்தில்தான் அந்த ஆள்.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே அவன் உள்ளே வந்தான்.

மாமாவின் மணிக்கட்டு அசைந்தது. கத்தி முனை துளையின் மேல் ஒரு நெல் நீளத்துக்குக் குறுக்கே ஓடியது.

"சே" என்றார்.

அவன் வந்து குனிந்தான். "என்ன இது?"

"கை தவறிடுச்சு சார்."

"ரத்தத்தைக் காணோமே?"

"செத்தவனுக்கு ஏது சார் ரத்தம்?"

அவன் இன்னும் குனிந்தான். இவ்வளவு பயத்தில் அழுகை வராது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"தேர்ந்த கைன்னு சொன்னாங்களே" என்று நிமிர்ந்தான் அவன். "பொணத்துக்கே வெட்டுப் போட்டா, உசிரோட இருக்கறவன் எந்த தைரியத்துல உங்ககிட்ட தலையைக் குடுப்பான்?"

"வயசாயிடுச்சு சார்" என்றார் மாமா. "இனிமே கத்தியைத் தொடக் கூடாதுதான்."

அடையாளக் குறி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் போனான். தெருக்கதவு சாத்தும்வரை இருவரும் அசையவில்லை.

"மாமா" என்றாள்.

அவர் கட்டிலைச் சுற்றி இடது பக்கம் வந்தார். வெளியே அந்த ஆள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான், "ரேடியோவுக்குக் கை போயிடுச்சுய்யா, பொணத்தையே கிழிச்சிட்டாரு." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தில் நுரையைக் குழைத்துக்கொண்டிருந்தார்.