மாப்பிள்ளை தொட்டால் திறக்கும் கடை

1966 தைப்பொங்கலுக்கு மறுநாள் முதல், இலங்கையின் குருவிட்ட கடைவீதியில் தங்கையா முதலாளியின் பலசரக்குக் கடைப் பலகைகள் அவருடைய மருமகன் பழனியாண்டி தொட்டாலொழியக் கழலவில்லை. நாலு ஆள் சேர்ந்து அலவாங்கு போட்டு நெம்பினார்கள், அலவாங்குதான் வளைந்தது. கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த பழனியாண்டி ஒரு விரல் வைத்ததும் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று சுவரோரம் சாய்ந்துகொண்டன. தராசும் காலையில் அவன் தொட்ட பிறகுதான் அசைந்தது. கடைவீதிச் சனம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடை அவன் பெயரில்தானே இருந்தது.

தங்கையா வருசம் தவறாமல் கப்பலேறி இராமநாதபுரம் போய், காணி வாங்கி, குலசாமிக்குக் கிடா வெட்டி வந்தவர். இந்த நாட்டில் தொடர்ந்து இருக்கவில்லை என்று சொல்லி அவருக்கும் இரண்டு மகன்களுக்கும் பிரஜாவுரிமை மறுத்துவிட்டார்கள். றப்பர் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பழனியாண்டியின் குடும்பத்துக்குக் கப்பலேற வக்கில்லை. அதனால் அவர்கள் பிரஜைகள். பிரஜை அல்லாதவர் பெயரில் கடையும் காணியும் வைத்திருப்பது கஷ்டம் என்று ஆனதும், தங்கையா ஒரே மகள் இராஜத்தை அவனுக்குக் கட்டிவைத்து, கடையையும் றப்பர்க் காணியையும் அவன் பெயருக்கு மாற்றினார்.

மாற்றினாரே தவிர, அந்த வீட்டில் ஒருவரும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. "இந்தா" என்றார்கள். மைத்துனர்கள் கூடத்தில் சாய்ந்து கிடக்க, அவன் அடுப்படியில் கடைசி ஆளாகச் சாப்பிட்டான். பலகைகள் அடம்பிடித்த பிறகாவது புத்தி வரும் என்று இராஜம் நினைத்தாள். எங்கே வந்தது? விடிந்ததும் கடை திறக்க இழுத்துப் போனார்கள். அவன் நிற்காவிட்டால் மரத்திலும் பால் வடியாது என்று பிறகு றப்பர்க் காணிக்கு, சாவிக்கொத்தைப் போல. இராஜத்துக்குப் பொறுக்கவில்லை. என்ன மனிதர்கள்! பெயர் வேண்டும், கையெழுத்து வேண்டும், ஆள் மட்டும் வேண்டாமாம். "உங்களுக்கு ரோசமே கெடையாதாங்க?" என்று கேட்டால், "விடு புள்ள, பலகையாவது நம்மள மதிக்குதே" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பும் அவளுக்கு ஆத்திரமூட்டியது. எட்டு வருசம் இப்படியே போனது.

அரிசி கிடைக்காமல் ஊரே மரவள்ளிக் கிழங்கு தின்ற 1974இல், தங்கையா இளைய மகனுக்குச் சோற்றுப் பந்தி போட்டுக் கல்யாணம் செய்தார். பழனியாண்டியின் தாய் இருளாயி தலையில் வாழைத்தாரோடு தோட்டத்திலிருந்து நடந்தே வந்து, சம்பந்தி என்ற உரிமையில் முதல் பந்தியில் உட்கார்ந்தாள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது மூத்தவன் வேலுசாமி இலைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஏய் கெழவி, எந்திரி. லயத்து ஆளுகளுக்கு அப்புறந்தான் பந்தி."

பிசைந்த சோறு கையில் ஒட்டியிருக்க, இருளாயி எழுந்தாள். இரண்டு இலை தள்ளிச் சாம்பார் வாளியோடு நின்ற பழனியாண்டி வாளியைக் கீழே வைத்தான். தங்கையா பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராஜம் ஓடிவந்து அண்ணன் முகத்துக்கு நேரே கத்தினாள்: "எந்திரிக்கச் சொன்னியே, அந்தச் சோறு யாரு கடை அரிசிடா?" பழனியாண்டி தாயின் கையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். மூவரும் லயத்துக்குப் போனார்கள்.

கடை திறக்கவில்லை, பால் வடியவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த தங்கையா, வாடகைக் காரில் தோட்டத்துக்குப் போய் லயத்து வாசலில் நின்று, "மாப்பிள்ளை, வாங்க" என்று கூப்பிட்டார். எட்டு வருசத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான். பழனியாண்டி உடனே எழுந்தான். இராஜம் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அத்தை சாப்புட்டுக்கிட்டு இருக்காங்கப்பா. முடிக்கட்டும்."

அன்று முதல் தங்கையா சாகும்வரை மாப்பிள்ளையைக் கடைக்கு அழைத்துப்போகக் காலைதோறும் அந்த லயத்து வாசலில் காத்து நின்றார். அவருக்குப் பின் வேலுசாமி நின்றான். இருளாயிக்கு அவசரம் என்பதே கிடையாது. சில நாள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மத்தியானம்வரை தின்பாள். அந்த நாட்களில் குருவிட்ட சனம் எதிரில் இருந்த கபூர் கடையில் உப்பு வாங்கிக்கொண்டது.