மாப்பிள்ளை வீட்டுப் போத்தல்

1.

இந்தக் கதை என் தலையில் முளைத்ததன்று. கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "சீதனம் கேட்ட காலம் போய், இப்ப மாப்பிள்ளட மூத்திரத்தக் கேக்குறாங்க புள்ள." இருவரும் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். பாலாவியில் இறங்க வேண்டிய நான் இறங்க மறந்தேன். மிச்சமெல்லாம் என் கற்பனை. ஆகவே ஊர்ப் பெயர் கேட்காதீர்கள். களப்பின், அந்தக் கடல்நீர் ஏரியின், கரையில் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"களப்பு நீலமாகக் கிடந்த ஒரு காலையில் நளீம்..." (வேண்டாம். வெயில் ஏறினால் அது பால் தேத்தண்ணீரின் நிறம்.)

"ஐஸ் எனும் போதைப்பொருள் நாட்டைச் சீரழித்துவரும் இவ்வேளையில்..." (இது அரசாங்கத் துண்டுப்பிரசுரம்.)

"நளீம் தூங்குவதில்லை."

இது நிற்கட்டும்.

3.

நளீம் தூங்குவதில்லை. படகின் இயந்திரத்தைக் கழற்றுவான், பூட்டுவான், மறுபடி கழற்றுவான். அவனுக்கும் சேர்த்து வீடே தூங்கி வழிந்தது. அவனுடைய மூத்த சகோதரி ஸுல்பிகாவுக்கு மட்டும் காரணம் தெரியும். அவனது சட்டைப்பையில் ஐஸ் புகைக்கும், அடி கருகிய கண்ணாடிக் குழாய் ஒன்றை அவள் கண்டிருந்தாள்.

(அவன் அவளைத் 'தாத்தா' என்று அழைப்பான். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் பெயர். வேறு ஊர் வாசகர்கள் கிழவர் ஒருவரைத் தேட வேண்டாம்.)

ஸுல்பிகா போதைத் தடுப்புக் குழுவில் பெண்களின் பிரதிநிதி. பிரதேச செயலகம் அமைத்த அந்தக் குழுவும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து ஒரு விதி செய்தன: நிக்காஹ் பதிவதற்கு முன் மாப்பிள்ளைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. எடுக்கும்போது அதிகாரி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார் சுகாதாரப் பரிசோதகர் ஜபார். ஸுல்பிகா எழும்பினாள். "மாப்பிள்ளைக்குப் பக்கத்துல ஆள் நிண்டு பாக்குறதா? மானமுள்ள ஊர் இது, சேர்." சபை தலையாட்டியது. சிறுநீரைப் போத்தலில் வீட்டிலிருந்தே கொண்டுவரலாம் என்று முடிவாயிற்று.

அதன்பிறகு மாப்பிள்ளை வீட்டார் போத்தலைத் தாம்பாளத்தில் வைத்து, பூவேலை செய்த துணியால் மூடிக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒரு வீட்டார் பக்கத்தில் வட்டிலப்பம் என்ற இனிப்பும் வைத்தார்கள். ஜபார் அதை மட்டும் திருப்பி அனுப்பினார்.

4.

உச்சிப் பொழுது. காற்றுக்கூட அயர்ந்திருந்தது. அகீலாவோடு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த நளீம், வெறும் போத்தலோடு ஸுல்பிகாவின் முன் வந்து நின்றான்.

"தாத்தா, ஒங்கட தந்தாப் போதும்."

"என்னத்த?"

அவன் போத்தலை நீட்டினான்.

"ஒனக்கு மூள பிசகிட்டா?"

"வீட்ட இருந்து கொண்டரலாமெண்டு நீங்கதானே செல்லி வெச்சீங்க. இதுவும் வீடுதானே."

"அகீலாக்குத் தெரியுமா?"

"கலியாணம் முடிஞ்சா உட்டுருவன்."

"இப்ப உடேன்."

அவன் தரையைப் பார்த்தான். "இப்ப ஏலாது. ஏலுமெண்டா ஒங்கள்ட்டக் கேப்பனா?"

(நளீமை ஒரு கெட்டவனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கடைசி வாக்கியம் வந்து அதைக் கெடுத்துவிட்டது.)

5.

முடிவு (அ): ஸுல்பிகா நிரப்பிக் கொடுக்கிறாள். ஜபார் கையொப்பமிடுகிறார். பந்தல், பிரியாணி. பிறகு அகீலா, விழித்தே கிடக்கும் ஒருவன் பக்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளப் பழகு... (கிழித்தேன்.)

முடிவு (ஆ): அவள் குழுவிடம் சொல்கிறாள். வேன் வருகிறது. நளீம் திரும்பிப் பாராமல் ஏறிப் புனர்வாழ்வு நிலையத்துக்குப் போகிறான். துண்டுப்பிரசுரம் இப்படித்தான் முடியும். பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு முடிவிலும் அகீலாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதிய நானும் கேட்கவில்லை.

6.

ஸுல்பிகா வெறும் போத்தலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தாள். உப்புப் பாத்திகள் வெயிலில் கரைந்து வானத்தோடு ஒட்டியிருந்தன. கழுதைகள் நின்றபடி உறங்கின. தூரத்துக் காற்றாலைகள், நினைவு வரும்போது மட்டும் சுற்றுவதுபோல், மெல்லச் சுற்றின.

அகீலா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மைனி. வெயிலுக்க நடந்தா வந்தீங்க?" என்று வருங்கால நாத்தனாரைக் கேட்டாள்.

"இது நளீம்ட போத்தல்."

"ஒண்டுமில்லயே இதுல."

"ஓம். அவன்ட நெரப்பினாப் புடிபட்டிருவான். என்னட்டக் கேட்டான், நான் குடுக்கல்ல. குழுவுக்கும் இன்னும் செல்லல்ல. மொதல்ல ஒங்கிட்டத்தான் வந்தன்."

அகீலா கையைத் துடைத்துவிட்டுப் போத்தலை வாங்கினாள். அதனூடாகக் களப்பைப் பார்த்தாள்.

"எந்த நேரம் ஃபோன் எடுத்தாலும் முழிச்சிதான் இரிப்பாரு மைனி," என்றாள். "என்ட ஞாபகத்துல எண்டு நெனச்சன்."

"இனி என்ன புள்ள செய்யிற?" என்று கேட்டாள் ஸுல்பிகா.

7.

அகீலாவின் பதில்: ..............................

இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். குழுவுக்குப் பிடித்த பதிலையோ, எனக்குப் பிடித்த பதிலையோ அவள் வாயில் வைக்காதீர்கள். அவசரமும் வேண்டாம், அவள் யோசிக்கட்டும். அதுவரைக்கும் ஸுல்பிகா வெயிலில் நிற்கிறாள். முதலில் அவளுக்கு உட்கார ஒரு கதிரை எடுத்துப் போடுங்கள்.