பெயரைக் கேட்காத கணக்கு

பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் இருபத்தைந்திலிருந்து நாற்பது வயதுவரை உள்ள ஆண்களுக்குக் கடுமையான ஆஸ்துமா கிடையாது. எங்கள் மருத்துவமனைக் கணினி அப்படித்தான் சொன்னது. அதை அப்படியே மாகாண அலுவலகத்துக்கு அனுப்பினால், அந்த வயதுக்காரர்களுக்கு வீரியமான இன்ஹேலர் ஒன்றுகூட இலவசமாக வராது. எண்ணிக்கை எடுப்பது என் வேலை. என் வீட்டிலோ முப்பத்திரண்டு வயதில் ஓர் அண்ணன், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்குகிறான். கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்த வயது ஆண்களின் பதிவுகளைத் திறந்தேன். நெபுலைசர், ஸ்டீராய்டு மாத்திரை, மறுபடி நெபுலைசர். நோயின் பெயர் மட்டும் எல்லாவற்றிலும் பிராங்கைட்டிஸ், அதாவது வெறும் மார்ச்சளி. பெரும்பாலும் எழுதியவர் டாக்டர் மரிசெல் சல்செடோ. நேராக அவர் அறைக்குப் போனேன்.

"இத்தனை பேரையும் நீங்கதான் காணாமப் போக வச்சிருக்கீங்க, டாக்டர்."

"உக்காரு இண்டாய், கத்தாத." பான்சிட் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னப் பெண்களை எங்கள் ஊரில் இண்டாய் என்றுதான் கூப்பிடுவார்கள். "கப்பல் ஏஜென்சிக்காரன் நம்மகிட்டதான நோய் விவரம் கேக்குறான்? ஆஸ்துமான்னு இருந்தா ஒருத்தனையும் ஏத்த மாட்டான். கையப் புடிச்சுக்கிட்டு அழறானுங்க. நீயா இருந்தா என்ன எழுதுவ?"

"நீங்க எழுதாததாலதான் மருந்தே வரல."

"அப்படியா? இத எவனாவது கப்பல்காரன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லிட்டு முழுசா வா, பாப்போம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

கணினிக்குப் புது விதி எழுதினேன். நோயின் பெயரைப் பார்க்காதே. வருடத்துக்கு இரண்டு முறையாவது ஸ்டீராய்டும் நெபுலைசரும் போயிருந்தால் சேர்த்துக்கொள். ஒருவர்கூட இல்லாத இடத்தில் நீளமான பட்டியலே வந்தது. ஆனால் சிலரையாவது கூப்பிட்டுப் பேசி, விதி சரிதான் என்று டாக்டர் உறுதி செய்ய வேண்டும். அவர் போன் போட்டு, "உங்களுக்கு ஆஸ்துமா இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். ஒருவன், "உங்களுக்குத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

"உன் விதி ஊத்திக்கிச்சு, இண்டாய்."

"பேரக் கேட்டா எவன் சொல்லுவான்? எத்தனை தடவ புகை வச்சீங்கன்னு கேளுங்க."

நெபுலைசருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் புகை. அப்படிக் கேட்டதும் கொட்டினார்கள்.

கூப்பிட வேண்டியவர்களில், கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணன் ரோனில்லோவும் இருந்தான்; அவனை நான் நோங் என்றுதான் கூப்பிடுவேன். அவனிடமும் டாக்டர்தான் பேசினார். வீட்டில் அவன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"புகையா? பக்கத்து வீட்டு மெஷின்ல வச்சதையும் சேக்கணுமா டாக்டர்? அப்ப எண்ணி முடியாது." சிரித்தான். "எஞ்சின் ரூம் ஏணியில பாதியில நின்னுருவேன். எவனாவது பாத்தா போல்ட் முடுக்குற மாதிரி நடிப்பேன்."

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினான். "என்னை எதுல சேத்திருக்க?"

"கடுமையான ஆஸ்துமால."

சிரிப்பு போய்விட்டது. "பேரோடவா?"

"எண்ணிக்கையில மட்டும்தான், நோங். உன் பதிவுல பிராங்கைட்டிஸ்தான் இருக்கு."

"மருந்து நான் கப்பல் ஏறுறதுக்குள்ள வருமா?"

"வராது. அடுத்த வருஷ பட்ஜெட்லதான்."

"அப்ப எனக்கு என்ன புண்ணியம்? உன்னக் காலேஜுக்கு அனுப்பினேன், நல்லா எண்ணக் கத்துக்கிட்டு வந்திருக்க."



மறுநாள் டாக்டர் விதியை உறுதி செய்தார்; எண்ணிக்கை மாகாண அலுவலகத்துக்குப் போனது. அதன்பிறகும் நான் அவர் அறையிலேயே நின்றேன். அண்ணன் கப்பல் ஏறப்போவது அவருக்குத் தெரியும். கணினியில் அவன் பதிவைத் திறந்து, பயணம் முழுவதற்கும் இன்ஹேலர் எழுதினார். நோயின் பெயர் போடும் இடத்தில் கை நின்றது.

"என்ன போட? நீயே சொல்லு."

"பிராங்கைட்டிஸ்" என்றேன்.

இன்ஹேலரைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டுபோய் அவன் கையில் வைத்தேன். அழுத்துவதற்கு முன்பே மூச்சை இழுத்துவிட்டான். மருந்து வாயிலேயே நின்றது.

"வெளிய ஊதிட்டு மறுபடி இழு" என்றேன்.