அத்தான் அழாத கச்சேரி

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் அத்தானைக் கேட்காமலே எழுதத் தொடங்கினேன். முதல் வரி இப்படி இருந்தது: 'பஸ் கம்பெனியை மூடிய நாளிலிருந்து அவர் கண்ணில் ஈரம் காயவே...'

வாசித்துவிட்டு அத்தான் கேட்டார்: "நான் எப்ப அழுதேன்? வேலைதான் போச்சு, வாய் போகலையே."

(அது போகாது. சக டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'ஹாரன்'.)

வரியை அடித்துவிட்டேன்.

2.
வேலை இழந்தவர்களுக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி. இடைவேளையில் அவர்களில் ஒருவர் மேடையேறிப் பேச வேண்டும். ஏற்பாட்டாளர் அத்தானைப் பிடித்தார். "கொஞ்சம் உருக்கமா பேசுங்க சார்."

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "வேலை இல்லைங்கறத மைக் வெச்சுச் சொல்லணுமா?" என்றாள். சொல்லிக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

3.
மேடையில் அத்தானுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. [இந்த இடத்தில் மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எனக்கே கொட்டாவி வந்தது.] அரங்க வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்பதைப் பார்த்தார். பழக்கதோஷம்; பஸ்ஸிலும் கண்டக்டரை முந்திக்கொண்டு கத்துவது அவர்தான்.

"படியில நிக்காதீங்க. உள்ள இடம் இருக்கு, தள்ளிப் போங்க."

அரங்கமே சிரித்தது. கூட்டமும் தள்ளிப் போனது.

"இதாங்க என் வேலை. இப்பவும் நல்லாத்தான் வருது. இரக்கப்பட வேணாம், எங்கயாவது ஸ்டியரிங் காலியா இருந்தா சொல்லுங்க."

முன்வரிசையில் இருந்து, பள்ளிக்கூடம் நடத்தும் அம்மா ஒருவர் எழுந்தார். "எங்க ஸ்கூல் வண்டிக்கு ஒரு டிரைவர் வேணும். வர்றீங்களா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இங்கேயே கதையை முடித்திருப்பேன். பாவி மனிதர் விடவில்லை. கீழே அவருடைய கூட்டாளி உட்கார்ந்திருந்தார். அதே கம்பெனியில் வண்டி ஓட்டியவர். வீட்டில் மனைவி நிறைமாதம். அத்தான் அவரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளைங்க வண்டிக்கு நான் சரிப்பட மாட்டேம்மா. என் சத்தத்துக்கே மிரண்டுருவாங்க. அதோ உக்காந்திருக்கான் பாருங்க, அவனக் கூப்பிடுங்க. எருமைப் பொறுமை."

4.
(வீட்டுக்குப் போனதும் அக்கா பாத்திரங்களை உருட்டுவதாக ஒரு காட்சி எழுதினேன். அவள் அப்படிச் செய்யவில்லை.)

வழியிலேயே கேட்டாள். "மிரளவாவது! பிள்ளைங்க உங்கள விடவே மாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அவனுக்குக் கேக்க வாய் வராதுடி."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நல்லா வந்து வாய்ச்சீங்க எனக்கு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

5.
மறுவாரமே அத்தானுக்கும் வேலை கிடைப்பதாக எழுதிப் பார்த்தேன். "கிடைக்கட்டும், அப்புறம் எழுது" என்றுவிட்டார்.

இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே முடிவு என் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது டிரைவர் தேவையா? பஸ், லாரி, வேன், எதுவானாலும் சரி. சம்பளத்தை மட்டும் அக்காவிடம் பேசுங்கள். அத்தானிடம் பேசினால் அதையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார்.