புகழேந்தியின் அடுப்படிக் கவிதை

புகழேந்திக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. கேஸ் ஏஜென்சியில் பில் போடுகிற வேலையில் புதிதாக என்னதான் இருக்கும்? "போன வாரம் பதிஞ்சது, இன்னும் வரலியே சார்" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனால், அதையே கொஞ்சம் கோபமாகக் கேட்க இன்னொருவர் வந்து நிற்பார். சாயங்காலம் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, டிவி, தூக்கம். மனிதருக்கு உயிர் வருவதே மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ் மன்றக் கவியரங்கத்தில்தான். அங்கேயும் பாவம், கொடுப்பினை கம்மி. கூட்டம் வந்து உட்காரும் முன்பே அவரை முதல் ஆளாக ஏற்றி இறக்கிவிடுவார்கள். நிலாவையும் புரட்சியையும் காலி நாற்காலிகளுக்குப் பாடிவிட்டு வருவார்.

இந்த முறை மன்றத் தலைவர் ராஜமாணிக்கமே போன் செய்தார். "அன்றாடத்தில் அழகுனு பொதுத் தலைப்பு. உங்களுக்கு அடுப்படி. கடைசியா படிக்கிறீங்க. எடுபட்டுச்சுன்னா தீபத் திருவிழா மேடையில உங்க பேரப் போட்டுடறேன்."

தீபத் திருவிழா மேடைக்காக எத்தனையோ கார்த்திகை காத்திருந்தவர் புகழேந்தி. ஆனால் அடுப்படிக்கும் அவருக்கும் உள்ள உறவு தண்ணீர்ச் சொம்போடு முடிந்துவிடும். வேறு வழியில்லாமல் மறுநாள் காலை சமையலறை வாசலில் போய் நின்றார்.

மனைவி அன்புச்செல்வி திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க, தண்ணியா?"

"இல்ல. சும்மா பாக்கறேன்."

"இங்க பாக்கறதுக்கு இன்னா இருக்குது? வழிய விட்டு நின்னு பாருங்க, ரசம் மேல கொட்டிடும்."

பார்க்கப் பார்க்க நிறையவே இருந்தது. எண்ணெயில் விழுந்த கடுகு ஒரு கணம் பேசாமல் கிடந்துவிட்டு அப்புறம் வெடிப்பதை அவர் வாழ்நாளில் முதல்முறையாகக் கவனித்தார். கறிவேப்பிலையை ஒரே இழுப்பில் உருவும் அவள் விரல்களைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து மலை மறைவதையும், அவள் முந்தானையால் துடைத்ததும் மறுபடி வந்து நிற்பதையும் பார்த்தார். இதையெல்லாம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நிலாவைப் பிடித்துத் தொங்கினோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த வாரம் முழுக்கப் புது மனிதராகத் திரிந்தார். ஏஜென்சியில்கூட, அடையாள அட்டையை முந்தானையில் துடைத்து நீட்டிய ஓர் அம்மாளின் கை அவருக்கு அழகாகப் பட்டது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். வீட்டில் அன்புச்செல்விக்குத்தான் தொல்லை.

"கடுக மொதல்ல போடறியே, ஏன்?"

"பின்ன, கடைசியிலயா போடுவாங்க?"

சமையலை முடித்த கையோடு அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். தேரடி வீதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் வேலை. தலைப்பு அடுப்படி என்பதால் அது கவிதைக்குள் வரவில்லை.

கவியரங்கம் ஞாயிற்றுக்கிழமை மாலை. முந்தைய நாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் ஓயும்வரை கடையை மூடவில்லை. விடியும் நேரத்துக்கு வீடு வந்த அன்புச்செல்வி குளித்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். பகலிலும் வீட்டு வேலையில் படுக்க நேரமில்லை.

"நீயும் வரணும். உன்னப் பத்திதான் எழுதியிருக்கேன்" என்றார் புகழேந்தி, சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

"கொஞ்சம் படுத்தா தேவலாம்னு இருக்குதுங்க."

"செத்த நேரம்தான்."

வந்தாள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். புகழேந்தி ஏறும்போது மண்டபம் நிறைந்திருந்தது.

"கடுகு வெடித்தால்தான் எங்கள் வீட்டில் விடியும், கதிரவன் அதற்குப் பிறகுதான் வருவான்."

கைதட்டல் எழுந்தது. "மறுபடியும்" என்றது கூட்டம். பிடித்த வரியை மறுபடி கேட்பது கவியரங்க வழக்கம். அப்போது கவிஞர் தாளைப் பார்க்காமல், தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். நிமிர்ந்து சொன்னார். கால் தரையில் பாவவில்லை. அடுத்த வரிக்குப் போனார்.

"கதிரவனும் களைத்து மலைக்குப் பின் சாய்வான், களைப்பே அறியாதவள் இவள் ஒருத்தி."

மண்டபமே அதிர்ந்தது. "மறுபடி, மறுபடி" என்று ராஜமாணிக்கமே நாற்காலியின் கையைத் தட்டினார். இந்த வரியை அவளுடைய முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று புகழேந்தி நிமிர்ந்து அவளைத் தேடினார்.

அன்புச்செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை நாற்காலியின் முதுகில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. இத்தனை கைதட்டலும் அவளை அசைக்கவில்லை.

ஒரு வாரம் வாசலிலேயே நின்று பார்த்தவருக்குக் கடுகு தெரிந்தது, கறிவேப்பிலை தெரிந்தது, இது தெரியவில்லை. படுத்தால் தேவலாம் என்று அவள் வாய்விட்டுச் சொன்ன பிறகும் தெரியவில்லை. புகழேந்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வரியைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்த கூட்டம் இன்னும் பலமாகத் தட்டத் தொடங்கியது. அவர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்:

"கை தட்டாதீங்க. எங்க வீட்டுக்காரம்மா தூங்கறாங்க."

தட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. சிலர் சிரித்தார்கள். ராஜமாணிக்கம் "மீதியப் படிங்க" என்று சைகை காட்டினார். புகழேந்தி தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருவர் எழுந்து நன்றியுரை சொல்ல ஆரம்பித்தார்.

அந்தச் சத்தத்தில் அன்புச்செல்வி திடுக்கிட்டு விழித்தாள். "ஐயோ, முடிஞ்சிடுச்சா? நான் கேக்கவே இல்லியே. நல்லா படிச்சீங்களா?"

"பாதிதான் படிச்சேன். ஒரு வரி பொய்யா இருந்துது. அதோட எறங்கிட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப தீபத்து மேடை?"

"போவட்டும். நன்றியுரை முடிய இன்னும் நேரமாவும். நீ தூங்கு."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.